ஜியோமெட்ரிக் மாடலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பாடம் படிக்கும் மாணவர்கள், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைத் தாமாகவே கற்றுக்கொள்பவர்கள், 3டி பிரிண்டர் வாங்கியதும் முதல் வாரத்திலேயே திணறுபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் பதிலைப் படிக்கும்போதும் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாடலிடம் நாம் பிறகு என்ன கேட்கப் போகிறோம்? எந்த நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

ஜியோமெட்ரிக் மாடலிங்னா 3டி படம் வரையறதுதானே? ரெண்டரிங்கும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ஒரு பொருளின் வடிவத்தைக் கணினி கணக்குப் போடக்கூடிய விதத்தில் எழுதி வைப்பதுதான் மாடலிங். படம் அதிலிருந்து கிடைக்கும் பல பலன்களில் ஒன்று. ஒரு குவளையின் மாடல் கையில் இருந்தால் எந்தக் கோணத்திலிருந்தும் அதைப் படமாக்கலாம், அதில் எத்தனை மில்லி பிடிக்கும் என்று கணக்கிடலாம், இன்னொரு குவளைக்குள் அடங்குமா என்று பார்க்கலாம், பிளாஸ்டிக்கில் அச்சிட்டும் எடுக்கலாம். படம் மட்டும் இருந்தால் இதில் எதுவும் நடக்காது.

ரெண்டரிங் அடுத்த கட்டம். மாடலோடு வெளிச்சம், கேமரா, நிறம் மூன்றையும் சேர்த்துப் படமாக்கும் வேலை அது. ஒரே மாடலை நூறு விதமாக ரெண்டர் செய்யலாம், மாடல் மாறாது.

எனக்கு கணக்கு அவ்வளவா வராது. இதைப் படிக்க முடியுமா?

முடியும். வெக்டார் கூட்டல், டாட் பிராடக்ட், கிராஸ் பிராடக்ட், அணிப் பெருக்கல் இவ்வளவும் கைவசம் இருந்தால் இந்தப் பக்கத்தில் வரும் எல்லாவற்றையும் பின்தொடரலாம். வளைவுகள் பகுதியில் பல்லுறுப்புக் கோவை வரும். அங்கேயும் நடப்பது பெரும்பாலும் சராசரி எடுக்கும் வேலைதான். கீழே பெசியே வளைவுக்குக் கொடுத்திருக்கும் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பயம் விட்டுப்போகும்.

வயர்ஃபிரேம், சர்ஃபேஸ், சாலிட்: மூணுக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சையில் கேட்கிறாங்க.

வயர்ஃபிரேமில் முனைகளும் விளிம்புகளும் மட்டும் இருக்கும், கம்பியால் கட்டிய கூடு மாதிரி. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலை உருவாக்கிய காலத்தில் திரையில் கோடு போட முடிந்ததே பெரிய விஷயம். வயர்ஃபிரேமில் சிக்கல் என்னவென்றால், ஒரே கம்பிக்கூட்டை இரண்டு மூன்று வெவ்வேறு பொருள்களாகப் படிக்க முடியும். நான்கு விளிம்புகள் சேர்ந்து ஒரு சதுரமாக நிற்கின்றன. அங்கே தோல் போர்த்தியிருக்கிறதா, ஓட்டையா என்று மாடலுக்கே தெரியாது.

சர்ஃபேஸ் மாடலில் தோல் வந்துவிடுகிறது. எங்கே பரப்பு இருக்கிறது என்று தெரியும், ஆனால் அந்தத் தோல் ஓர் இடத்தை முழுமையாக மூடுகிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாலிட் மாடல் அந்த உத்தரவாதத்தையும் தருகிறது. ஒரு புள்ளியைக் காட்டி 'இது உள்ளேயா, வெளியேயா?' என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியும். கனஅளவு, எடை, பொருள்கள் மோதுகின்றனவா என்ற சோதனை எல்லாமே இந்தக் கேள்வியை நம்பித்தான் நடக்கின்றன. பரீட்சையில் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

எந்த மாடலை எடுத்தாலும் கடைசியில் முக்கோணமாவே முடியுதே, ஏன்?

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும்; அவை ஒரே கோட்டில் விழாத வரை அந்தத் தளமும் ஒன்றே ஒன்றுதான். நான்காவதாக ஒரு புள்ளி வந்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். நான்கு முனை முகம் நடுவில் மடங்கலாம், எந்த மூலைவிட்டத்தில் மடங்கும் என்பது அந்தந்த மென்பொருளின் இஷ்டம். முக்கோணத்துக்கு உள்குழிவும் கிடையாது. அதன் மூன்று முனைகளின் நிறத்தையோ உயரத்தையோ வைத்து உள்ளே இருக்கும் எந்தப் புள்ளிக்கும் மதிப்பைச் சுலபமாகக் கணக்கிடலாம். கிராஃபிக்ஸ் கார்டு கோடிக்கணக்கான முறை ஒரே வேலையைச் செய்ய வேண்டிய இயந்திரம். அதற்கு இப்படி விதிவிலக்கு இல்லாத வடிவம்தான் தோது.

அப்போ பிளெண்டர் கத்துக்கொடுக்கிறவங்க எல்லாரும் நாலு பக்க முகம்தான் வைக்கணும்னு சொல்றாங்களே?

அது செய்பவரின் வசதிக்காக. நான்கு பக்க முகங்கள் வரிசையாக ஓடினால் ஒரு விளிம்பு வளையத்தைப் பிடித்து மொத்தமாக நகர்த்தலாம், நடுவே புதிதாக ஒரு வளையம் சேர்க்கலாம். முகத்தில் கண்ணையும் வாயையும் சுற்றி அப்படி வளையங்கள் ஓடினால்தான் சிரிக்கும்போது தோல் சரியாக மடங்கும். முகங்களைப் பிரித்து மென்மையாக்கும், கீழே வரும் சப்டிவிஷனும் நான்கு பக்கத்தில்தான் அழகாக வேலை செய்யும். கடைசியில் திரைக்குப் போகும்போது மென்பொருளே ஒவ்வொன்றையும் இரண்டு முக்கோணமாக வெட்டிக்கொள்கிறது.

ஒரு மெஷ் கோப்பைத் திறந்தால் உள்ளே உண்மையிலேயே என்னதான் இருக்கும்?

மெஷ் என்பது சிறு முகங்களை ஒட்டிச் செய்த தோல். எளிய கோப்பில் இரண்டு பட்டியல்கள். முதலாவது முனைகளின் இடங்கள், இரண்டாவது எந்தெந்த முனைகள் சேர்ந்து ஒரு முகம் என்ற எண்கள். ஒரு கனசதுரத்தை ஓ.பி.ஜே. கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திறந்து பாருங்கள். முனைகளுக்கு 8 வரி, முகங்களுக்கு 6 வரி இருக்கும். மற்றதெல்லாம் நார்மலும் (முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது) டெக்ஸ்ச்சரும் (மேலே ஒட்டும் படம்). முக வரிகளில் எண்கள் 1-இலிருந்து தொடங்கும், 0-விலிருந்து அல்ல. சொந்தமாக நிரல் எழுதிக் கோப்பைப் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

3டி பிரிண்டருக்குப் போகும் எஸ்.டி.எல். கோப்பு வேறு மாதிரி. அதில் பொதுப் பட்டியலே கிடையாது. ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளையும் தானே சுமக்கிறது. அதே கனசதுரம் 12 முக்கோணமாகி 36 முனைகளை எழுதி வைக்கும், தேவைப்படுவது 8 என்றாலும். பைனரி வடிவில் 80 பைட் தலைப்பு, 4 பைட் எண்ணிக்கை, முக்கோணத்துக்கு 50 பைட்; கூட்டினால் 684 பைட். அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதற்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் சில நேரம் உங்கள் மாடல் பிரிண்டர் மென்பொருளில் எறும்பு அளவில் வந்து நிற்கிறது.

இன்னொரு சரிபார்ப்பும் கைவசம் இருக்கட்டும். கைப்பிடி ஓட்டை இல்லாத எந்த மூடிய மெஷ்ஷிலும் முனைகள் − விளிம்புகள் + முகங்கள் = 2. கனசதுரத்தில் 8 − 12 + 6. வளையல் போல நடுவே ஓர் ஓட்டை இருந்தால் விடை 0. இந்த ஆய்லர் விதியிலிருந்தே, பெரிய முக்கோண மெஷ்களில் முகங்கள் முனைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும் என்பதும் வந்துவிடுகிறது. 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கேன் செய்த முயல் பொம்மையைப் பாருங்கள்: 35,947 முனைகள், 69,451 முக்கோணங்கள்.

என் மாடலில் சில முகங்கள் கறுப்பா தெரியுது, கேம் எஞ்சினில் போட்டா காணாமலே போயிடுது. ஏன்?

நார்மல் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் வெளிப்பக்கம் எது என்று சொல்லும் அம்பு உண்டு. முனைகளை எந்தச் சுற்றில் எழுதியிருக்கிறோம் என்பதிலிருந்து அது வரும். வெளியிலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக எழுதுவது பொது வழக்கம். ஒரு முகம் மட்டும் மாறி எழுதப்பட்டிருந்தால் அதன் அம்பு உள்ளே பார்க்கும். வெளிச்சக் கணக்கு தப்பி அது கறுக்கும். முதுகு காட்டும் முகங்களை வரையாமல் விடும் எஞ்சினில் அந்த இடமே காலியாகும்.

பிளெண்டரில் எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நார்மல்களை வெளிப்பக்கம் திருப்பும் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் மெஷ் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த மெஷ்ஷுக்கு உள், வெளி என்பதே தெளிவில்லை.

வட்டத்தை எத்தனை துண்டா வெட்டினா போதும்? 32 போதுமா?

எவ்வளவு பிழை தாங்கும் என்பதைப் பொறுத்தது. 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை 16 பக்கமாக வெட்டினால் நேர்கோடு உண்மையான வளைவிலிருந்து அதிகபட்சம் 1.92 மி.மீ. விலகும். 32 பக்கம் என்றால் 0.48 மி.மீ., 64 என்றால் 0.12 மி.மீ. துண்டுகளை இரட்டிப்பாக்கினால் பிழை கால்வாசியாகிறது.

கேமில் தூரத்தில் நிற்கும் தூணுக்கு 16 தாராளம். பேரிங் பொருந்த வேண்டிய துளைக்கு 0.12 மி.மீ.கூட அதிகம், அங்கே முக்கோண மெஷ்ஷே தப்பான தேர்வு. வளைவை வளைவாகவே எழுதும் முறைகளுக்குப் போக வேண்டும், அவை அடுத்து வருகின்றன.

பெசியே வளைவில் புள்ளி வைக்கிறோம், ஆனா கோடு அந்தப் புள்ளி வழியா போகவே மாட்டேங்குது. இது எப்படி வேலை செய்யுது?

முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் மட்டும் வளைவு தொடும். நடுப்புள்ளிகள் அதை இழுக்கும், தொட வேண்டிய கட்டாயம் இல்லை. கையால் போட்டுப் பார்ப்போம். நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள்: (0,0), (0,4), (4,4), (4,0). வளைவின் நடு இடம் எங்கே என்று கேட்கிறோம். அடுத்தடுத்த புள்ளிகளின் நடுப்புள்ளிகளை எடுங்கள்: (0,2), (2,4), (4,2). அவற்றின் நடுப்புள்ளிகள்: (1,3), (3,3). அவற்றின் நடு: (2,3). வளைவு அந்த இடத்தில் (2,3) வழியாகப் போகிறது. பாதிக்குப் பதில் கால் பங்கில் வெட்டினால் வளைவின் கால் இடம் கிடைக்கும். அவ்வளவுதான் முறை, சராசரி எடுப்பதைத் தவிர இதில் எதுவும் இல்லை.

இந்தப் படிமுறைக்கு டி காஸ்டல்ஜோவின் பெயர். அவர் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் 1959-இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனோவில் இருந்த பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து 1960-களில் வெளியிட்டதால் வளைவு அவர் பெயரில் நிலைத்தது. கார் உடலின் வளைவுகளை வரைபடத்திலிருந்து இயந்திரத்துக்குத் துல்லியமாகக் கொண்டுபோக வேண்டிய தேவைதான் இருவரையும் ஒரே விடைக்குத் தள்ளியது. இன்று நீங்கள் படிக்கும் எழுத்துருக்களின் வளைவுகளும் பெசியேதான்.

இன்னொரு குணம் நிரல் எழுதுபவர்களுக்கு உதவும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டால் வளைவு ஒருபோதும் அதற்கு வெளியே வராது. இரண்டு வளைவுகள் வெட்டுமா என்று பார்க்க, முதலில் இந்த எல்லைகள் வெட்டுகின்றனவா என்று பார்த்தாலே பாதி வேலை மிச்சம்.

பெசியேவே இவ்வளவு நல்லா இருக்கும்போது பி-ஸ்ப்லைனும் நர்ப்ஸும் எதுக்கு?

இரண்டு குறைகளுக்காக. முதலாவது, ஒரு பெசியே வளைவில் எந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளியை அசைத்தாலும் முழு வளைவும் அசையும். இருபது புள்ளிகள் உள்ள வளைவில் ஒரு மூலையைத் திருத்தப் போனால் மறு மூலையும் கெடும். பல துண்டுகளைச் சீராக ஒட்டிய வளைவான பி-ஸ்ப்லைனில் ஒரு புள்ளியின் செல்வாக்கு பக்கத்தில் உள்ள சில துண்டுகளோடு முடிந்துவிடும். முப்படி வளைவில் அதிகபட்சம் நான்கு துண்டுகள்.

இரண்டாவது குறை வட்டம். சாதாரண பெசியேயால் வட்டத்தைத் துல்லியமாக எழுதவே முடியாது. கால் வட்டத்துக்குக் கைப்பிடி நீளத்தை (முனைப்புள்ளியிலிருந்து அடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு உள்ள தூரத்தை) ஆரத்தின் 0.5523 மடங்காக வைத்தால் பிழை 0.027 சதவீத அளவுக்குக் குறையும். எழுத்துருவுக்கு அது தாராளம், இயந்திர பாகத்துக்குப் போதாது. பி-ஸ்ப்லைனின் விரிவான நர்ப்ஸில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளிக்கும் ஓர் எடை உண்டு. மூன்று புள்ளிகள் வைத்து நடுப்புள்ளியின் எடையை 2-இன் வர்க்கமூலத்தில் பாதியாக, அதாவது சுமார் 0.7071 ஆக வைத்தால், கிடைப்பது அச்சு அசல் கால் வட்டம். தொழிற்சாலை மென்பொருள்கள் நர்ப்ஸைப் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: வட்டம், உருளை, கூம்பு, கார் பானெட் எல்லாவற்றையும் ஒரே மொழியில் எழுதலாம்.

கிராஃபிக்ஸ் புத்தகம் எதைத் திறந்தாலும் ஒரு டீபாட் இருக்கே, அதுக்கு என்ன விசேஷம்?

1975-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் ஆய்வுக்கு ஒரு சோதனைப் பொருள் தேடினார். வீட்டில் டீ குடிக்கும்போது மனைவி அந்த டீ செட்டையே மாடல் செய்யலாமே என்று சொல்ல, டீபாட்டைப் பார்த்து வரைபடத் தாளில் வரைந்து, பெசியே கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கணினியில் ஏற்றினார். அந்தக் காலத்துச் சோதனைப் பொருள்களோடு ஒப்பிட்டால் அதில் எல்லாம் இருந்தது: உருண்ட வயிறு, கைப்பிடிக்குள் ஓட்டை, உள்வளையும் மூக்கு, தன்மேலேயே விழும் நிழல். அவர் அந்த எண்களை எல்லோருக்கும் கொடுத்தார். யார் புதிய வெளிச்சக் கணக்கு எழுதினாலும் உடனே போட்டுப் பார்க்க ஒரு பொருள் தயாராக இருந்தது. அது பரவியதற்கு அழகைவிட இந்தத் தாராளம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்று புழங்கும் வடிவத்தில் 32 பேட்சுகள் (வளைந்த பரப்புத் துண்டுகள்), ஒவ்வொன்றுக்கும் 4×4 ஆக 16 கட்டுப்பாட்டுப் புள்ளிகள். முதல் வடிவத்தில் அடிப்பாகமே இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். நிஜ டீபாட் கணினியில் இருப்பதைவிட உயரம். அது இப்போது கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேட்ச் என்றால் என்ன என்று புரியாதவர்கள் இந்த எண்களை எடுத்துத் தாங்களே வரைந்து பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சப்டிவிஷன் மாடிஃபையர் போட்டவுடன் கனசதுரம் பந்து மாதிரி ஆகுதே, உள்ளே என்ன நடக்குது?

பிளெண்டரில் நடப்பது 1978-இல் எட் கேட்மல்லும் ஜிம் கிளார்க்கும் வெளியிட்ட முறை. ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஒரு புதுப் புள்ளி, ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு புதுப் புள்ளி, பழைய முனைகள் அக்கம்பக்கத்தின் சராசரியை நோக்கிக் கொஞ்சம் உள்வாங்கும். (1,1,1)-இல் இருக்கும் கனசதுர மூலையை எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள மூன்று முக நடுப்புள்ளிகளின் சராசரியில் ஒவ்வோர் ஆயத்தொலைவும் 1/3. மூன்று விளிம்பு நடுப்புள்ளிகளின் சராசரியில் 2/3. முதலாவதோடு இரண்டாவதின் இரு மடங்கைக் கூட்டி 3-ஆல் வகுத்தால் 5/9. மூலை 1-இலிருந்து 0.556-க்கு வந்துவிட்டது. மூன்று விளிம்புகள் சேரும் மூலைக்கான கணக்கு இது. அதிக விளிம்புகள் சேர்ந்தால் பழைய இடத்துக்கும் பங்கு உண்டு.

6 முகம் முதல் சுற்றில் 24 ஆகும், பிறகு 96, 384, 1536. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மடங்கு என்பதால் மாடிஃபையர் அளவை 6-க்கு ஏற்றிவிட்டு லேப்டாப் திணறுகிறது என்று வருத்தப்படாதீர்கள். அப்புறம், எத்தனை சுற்று போனாலும் அது பந்து மாதிரி ஆகுமே தவிர உண்மையான கோளம் ஆகாது. கோளம் வேண்டுமானால் கோளத்தையே போடுங்கள்.

நர்ப்ஸில் செவ்வகப் பேட்சுகளை ஒட்டி மனித முகம் செய்தால் தையல் பிரியாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. சப்டிவிஷனில் தையலே இல்லை. 1997-இல் பிக்ஸார் ஒரு குறும்படத்தில் சதுரங்கம் ஆடும் முதியவரின் தலைக்கும் கைகளுக்கும் உடைக்கும் இதைப் பயன்படுத்தியது. அதன் பிறகு அனிமேஷன் உலகம் பெரிதும் இந்தப் பக்கம் சாய்ந்தது.

ரெண்டு பேட்சை ஒட்டினேன், இடைவெளி இல்லை. ஆனாலும் வெளிச்சம் படும்போது ஒரு கோடு தெரியுது.

ஒட்டுவதிலும் படிகள் உண்டு. ஓரங்கள் தொட்டால் ஜி0. தொடும் இடத்தில் சாய்வும் ஒன்றானால் ஜி1. வளையும் வேகமும் ஒன்றானால் ஜி2. ஜி0 மட்டும் இருந்தால் மடிப்பு தெரியும். ஜி1 இருந்தால் கையால் தடவிப் பார்த்தாலும் எதுவும் தட்டுப்படாது. ஆனால் பளபளப்பான பரப்பில் பிரதிபலிக்கும் கோடு அந்த இடத்தில் சட்டென்று முறியும். கார் வடிவமைப்பாளர்கள் வரிக்குதிரைக் கோடுகளைப் பரப்பில் பிரதிபலிக்க வைத்துச் சோதிப்பது இதற்குத்தான்.

முன் கேள்வியில் சொன்ன சப்டிவிஷன் பரப்பிலும் இது உண்டு. நான்கு விளிம்புகள் சேரும் சாதாரண இடங்களில் வளைவு முழுக்கச் சீராக இருக்கும். மூன்றோ ஐந்தோ சேரும் முனைகளில் அந்தத் தரம் ஒரு படி குறையும். கன்னத்தின் நடுவே ஐந்து விளிம்பு முனை வைத்தால் மினுமினுப்பில் ஒரு சிறு நெளிவு தெரிவது அதனால். அப்படிப்பட்ட முனைகளைக் காதுக்குப் பின்னால் போல யாரும் கவனிக்காத இடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

சி.எஸ்.ஜி., பி-ரெப்: இரண்டும் சாலிட்தானே, பிறகு ஏன் ரெண்டு?

சி.எஸ்.ஜி. (கன்ஸ்ட்ரக்டிவ் சாலிட் ஜியோமெட்ரி) செய்முறையை நினைவில் வைக்கிறது: இந்தப் பெட்டி, அதிலிருந்து இந்த உருளையைக் கழி, அதோடு அந்தக் கோளத்தைச் சேர். பி-ரெப் (பவுண்டரி ரெப்ரசன்டேஷன்) விளைவை நினைவில் வைக்கிறது: முகங்கள், விளிம்புகள், முனைகள், எது எதற்குப் பக்கத்தில். 1970-களில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரெக்விச்சாவும் வோல்க்கரும் சாலிட் மாடலிங்குக்கு உறுதியான கணித அடித்தளம் போட்டார்கள்.

'இந்தப் புள்ளி உள்ளேயா?' என்று கேட்டால் சி.எஸ்.ஜி. நொடியில் சொல்லும், பெட்டிக்குள் இருந்து உருளைக்கு வெளியே இருந்தால் ஆம். 'இந்த விளிம்பை 2 மி.மீ. அளவுக்கு உருண்டையாக மழுக்கு' என்றால் பி-ரெப் வேண்டும், ஏனென்றால் சி.எஸ்.ஜி.யிடம் விளிம்பு என்றே ஒன்று எழுதப்படவில்லை. நிரல் எழுதி மாடல் செய்யும் ஓப்பன்ஸ்கேட் மென்பொருளில் நீங்கள் எழுதுவது சி.எஸ்.ஜி.; ஃப்ரீகேட் என்ற பொறியியல் வரைவு மென்பொருள் அடியில் வைத்திருப்பது பி-ரெப். பொறியியல் மென்பொருள்கள் பல, செய்முறை வரலாறு ஒரு பக்கம், பி-ரெப் ஒரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கின்றன.

ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு முகம் மட்டும் தொட்டு நிற்கும் இரண்டு கனசதுரங்களின் வெட்டு (இரண்டுக்கும் பொதுவான பகுதி) என்ன? சாதாரணக் கணக் கோட்பாட்டில் ஒரு சதுரத் தகடு. தடிமனே இல்லாத தகட்டை யாரும் செய்ய முடியாது. அதனால் சாலிட் மாடலிங்கில் அப்படித் தொங்கும் தகடு, கோடு, புள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிடும் திருத்தப்பட்ட செயல்களைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் விடை வெறுமை.

தகட்டில் துளை போட பூலியன் கொடுத்தேன். மேலே மினுமினுன்னு ஒரு சவ்வு நிக்குது, சில நேரம் மாடலே உடையுது.

பூலியன் என்பது முன் கேள்வியில் பார்த்த சேர், கழி, வெட்டு செயல்கள்தான். தகட்டின் தடிமன் 5 மி.மீ., கழிக்கும் உருளையின் உயரமும் சரியாக 5 மி.மீ. என்று வைத்திருப்பீர்கள். இரண்டின் மேல்முகமும் ஒரே தளத்தில் விழுகின்றன. எது மேலே, எது கீழே என்று கணினி முடிவு செய்ய வேண்டும். அதன் கையில் இருப்பதோ சாதாரண ஃப்ளோட் எண்ணில் (பின்னமுள்ள எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் வடிவம்) சுமார் 7 இலக்கத் துல்லியம். 0.1 என்ற எண்ணைக்கூட இரும முறையில் முழுமையாக எழுத முடியாது. கடைசி இலக்கத்தில் வரும் சிறு பிசகு ஓரிடத்தில் 'உள்ளே' என்றும் பக்கத்து இடத்தில் 'வெளியே' என்றும் சொல்ல வைக்கிறது.

உருளையைத் தகட்டின் இரு பக்கமும் 1 மி.மீ. நீட்டி, 7 மி.மீ. உயரமாக வைத்துக் கழியுங்கள். துளை அதேதான், குழப்பம் போய்விடும். ஓப்பன்ஸ்கேட் எழுதிப் பழகியவர்கள் இதைக் கைப்பழக்கமாகவே செய்வார்கள். இரண்டு முகங்கள் ஒரே தளத்தில் விழும்படி ஒருபோதும் பூலியன் கொடுக்காதீர்கள்.

திரையில் அம்சமா இருக்கு, ஆனா 3டி பிரிண்டர் மென்பொருள் ஏத்துக்க மாட்டேங்குது. ஏன்?

திரை உங்கள் மாடலிடம் கேட்பது 'இந்தக் கோணத்தில் என்ன தெரியும்?' என்று மட்டும். பிரிண்டர் ஒவ்வொரு அடுக்கிலும் 'எங்கே பிளாஸ்டிக், எங்கே காற்று?' என்று கேட்கிறது. மூன்றாம் கேள்வியில் பார்த்த உள்-வெளி விவகாரம்தான். இதற்குப் பதில் வர வேண்டுமானால் மெஷ் மூடியிருக்க வேண்டும், ஒவ்வொரு விளிம்பிலும் சரியாக இரண்டு முகங்கள் சேர வேண்டும், நார்மல்கள் எல்லாம் வெளியே பார்க்க வேண்டும், ஒரு பாகம் இன்னொன்றை ஊடுருவக் கூடாது.

மேலே சொன்ன டீபாட்டையே எடுங்கள். அதன் மூக்கும் கைப்பிடியும் உடலோடு முறையாகத் தைக்கப்படவில்லை, உள்ளே குத்திக்கொண்டு நிற்கின்றன. சுவருக்குத் தடிமனும் கிடையாது. இத்தனை ஆண்டுகளாகப் படத்தில் அழகாக இருக்கும் அது, அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் தகராறு செய்யும். முதலில் தடிமன் கொடுத்து, பாகங்களைப் பூலியனால் இணைத்து, பிறகு அனுப்ப வேண்டும்.

வோக்சல், மெட்டாபால், டிஸ்டன்ஸ் ஃபங்ஷன் எல்லாம் எங்கே வருது?

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலானவை தோலை எழுதின. இவை வெளியையே எழுதுகின்றன: எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் ஓர் எண் வரும். டிஸ்டன்ஸ் ஃபங்ஷனில் அந்த எண் பரப்பிலிருந்து உள்ள தூரம், உள்ளே இருந்தால் எதிர்மறை. கோளத்துக்கு, மையத்திலிருந்து தூரம் கழித்தல் ஆரம். இரண்டு பொருள்களைச் சேர்க்க இரண்டு எண்களில் சிறியதை எடுங்கள். வெட்டு வேண்டுமானால் பெரியதை. முந்தைய பூலியன் வேதனை இங்கே ஒரே வரியில் முடிகிறது. 1982-இல் ஜிம் பிளின் எழுதிய உருகி ஒட்டும் உருண்டைகளும் இந்தக் குடும்பம்தான், மெட்டாபால் அதன் வழித்தோன்றல்.

வோக்சலில் வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எண் வைக்கிறோம். சி.டி. ஸ்கேன் தருவது இதைத்தான். பக்கத்துக்கு 512 கட்டம் என்றால் 13.4 கோடி எண்கள். 1024 என்றால் எட்டு மடங்கு, 107 கோடி. நினைவகம் இப்படித்தான் தீர்ந்துபோகிறது. வெறும் காற்றாக இருக்கும் பெரும்பகுதியைச் சேமிக்காமல் விட, தேவையான இடத்தை மட்டும் எட்டெட்டாகப் பிரித்துக்கொண்டு போகும் ஆக்ட்ரீ உதவும்.

இதிலிருந்து மெஷ் வேண்டுமானால் மார்ச்சிங் கியூப்ஸ். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் லோரன்சனும் கிளைனும் 1987-இல் வெளியிட்டது. ஒவ்வொரு கட்டத்தின் 8 மூலைகளும் உள்ளேயா வெளியேயா என்று பார்த்தால் 256 நிலைகள். சமச்சீரைக் கழித்தால் 15. ஒவ்வொன்றுக்கும் எந்த முக்கோணங்கள் என்று பட்டியல் போட்டுவிட்டால் ஸ்கேனிலிருந்து எலும்பின் பரப்பு எழுந்து நிற்கும்.

காடு, மலை எல்லாம் ஒவ்வொண்ணா கையாலயா செய்றாங்க?

இல்லை, விதி எழுதி வளர்க்கிறார்கள். 1968-இல் உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் பாசி வளர்வதை விவரிக்க எழுதிய முறை எளிமையானது. இரண்டு விதிகள்: 'அ' இருக்கும் இடத்தில் 'அஆ' எழுது, 'ஆ' இருக்கும் இடத்தில் 'அ' எழுது. 'அ'வில் தொடங்கினால் அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று வளரும். நீளம் 1, 2, 3, 5, 8. எழுத்துக்குப் பதில் 'ஒரு அடி முன்னே போ', 'இடது பக்கம் திரும்பு', 'கிளை பிரி' என்று பொருள் கொடுத்தால் செடி வளர்கிறது.

நம் வாசலில் போடும் கோலமும் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறது. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பாடு லிண்டன்மேயர் முறையில் கோல வடிவங்களை வரைவதும் பலருக்கு வழக்கமான எடுத்துக்காட்டானது. சிறு விதியிலிருந்து பெரிய வடிவம் என்பதை நாலு புள்ளிக் கோலம் எட்டு புள்ளியாக வளர்வதைப் பார்த்தவர்களுக்கு நான் தனியாக விளக்கத் தேவையில்லை.

ஃபோன்ல போட்டோ எடுத்தாலே 3டி மாடல் வந்துடுதே. இனி இதையெல்லாம் படிக்கணுமா?

என்ன வந்தது என்று பாருங்கள். பல கோணப் படங்களிலிருந்து வரும் மெஷ்ஷில் லட்சக்கணக்கில் முக்கோணங்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும். பார்க்காத பக்கம் ஓட்டையாக இருக்கும். படங்களிலிருந்து காட்சியைக் கட்டும் புது முறைகளான, 2020-இல் வந்த நெர்ஃப், 2023-இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் இரண்டும் காட்சியைப் பிரமாதமாகத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் ஸ்பிளாட்டிங்கில் இருப்பது மங்கலான லட்சக்கணக்கான நீள்கோளத் திட்டுகள். அதனிடம் 'உள்ளேயா, வெளியேயா?' என்று கேட்டால் நேரடிப் பதில் இல்லை. சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் அது போதும். அச்சிடவோ, அசைக்கவோ, துளை போடவோ வேண்டுமானால் இந்தப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு வடிவத்துக்குத்தான் அதை மாற்ற வேண்டியிருக்கும்.

அப்போ ஒரு வடிவத்திலிருந்து இன்னொண்ணுக்கு இஷ்டம்போல மாத்திக்கலாம்தானே?

கீழ்நோக்கிப் போவது சுலபம், மேல்நோக்கி ஏறுவது கடினம். சி.எஸ்.ஜி.யிலிருந்து பி-ரெப், அதிலிருந்து மெஷ், மெஷ்ஷிலிருந்து வோக்சல் எல்லாம் பழகிய பாதைகள். திரும்பி வரும்போது தகவல் கிடையாது. 64 பக்க மெஷ் ஒன்றைக் கொடுத்து இது 10 செ.மீ. ஆரமுள்ள உருளை என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அது ஊகிக்கத்தான் வேண்டும். ஒருவேளை நீங்கள் உண்மையிலேயே 64 பக்கத் தூணைத்தான் செய்திருப்பீர்களோ என்னவோ, அதற்குத் தெரியாது.

எனவே எஸ்.டி.எல்.லை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். இயந்திர பாகம் என்றால் ஃப்ரீகேட் கோப்பையும், பொறியியல் மென்பொருள்களுக்கிடையே பகிரும் ஸ்டெப் வடிவக் கோப்பையும் வைத்திருங்கள், உருவம் என்றால் மாடிஃபையரை நிரந்தரமாக்காத பிளெண்டர் கோப்பை. வாடிக்கையாளருக்கோ அச்சுக் கடைக்கோ அனுப்பும் மெஷ், அந்த மூலத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் தேவையான துல்லியத்தில் எடுத்துக்கொள்ளக்கூடியது.